மாட்டு மந்தையின் நோயோடு போராடிய மனித வைத்தியர் ராபர்ட் கோக்

ராபர்ட் கோக் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கப் படித்தவர். ஆனால் அவரை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவை மாடுகளும் ஆடுகளும்தான்!

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் அவரைப் பற்றி இரண்டு வரி வரும். கால்நடைகளைத் தாக்கும் தொற்றுநோய்களோடு அவர் வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டினார் என்பது அந்த இரண்டு வரியில் வராது. அதில் அவர் ஜெயித்ததும் உண்டு. பெரிய தவறு செய்ததும் உண்டு. அவருடைய தோல்வி ஒன்றுதான் பிற்காலத்தில் பால் மாடுகளுக்குக் காவலாக வந்து நின்றது. அவருடைய புகழோ, அதே மாடுகளை நோயிலிருந்து மீட்கும் வேலைக்குப் பல வருடம் முட்டுக்கட்டையாக இருந்தது.

சுரங்க ஊர்ப் பிள்ளை

ஜெர்மனியில் ஹார்ஸ் என்ற மலைப் பகுதியில் கிளவுஸ்தால் என்று ஒரு ஊர். நம் கோலார் தங்கவயல் மாதிரி, சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர். அங்கே 1843-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 11-ந் தேதி கோக் பிறந்தார். தகப்பனார் சுரங்க அதிகாரி. வீட்டில் 13 குழந்தைகள். கோக் மூன்றாவது பிள்ளை. ஐந்து வயது ஆவதற்குள் செய்தித்தாளை வைத்துக்கொண்டு தானாகவே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள்.

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்து 1866-ல் டாக்டர் பட்டம் பெற்றார். கப்பல் டாக்டராகி உலகம் சுற்ற வேண்டும் என்பது அவருடைய ஆசை. எம்மி என்ற பெண்ணைக் காதலித்தார். உள்ளூரில் ஒழுங்காக வேலை பார்ப்பதானால்தான் கல்யாணம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டாள். ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு 1867-ல் திருமணம் செய்துகொண்டார். அடுத்த வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

சின்னச் சின்ன ஊர்களில் வைத்தியம் பார்த்தார். வருமானம் போதவில்லை. 1870-ல் பிரான்சோடு யுத்தம் மூண்டபோது ராணுவ வைத்தியராகப் போய் வந்தார். 1872-ல் வோல்ஸ்டைன் என்ற ஊருக்கு அரசாங்க வட்டார டாக்டராகப் போய்ச் சேர்ந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. சுற்றிலும் வயல், மேய்ச்சல் நிலம், ஆடு, மாடு. ஆராய்ச்சிக்கும் அந்த ஊருக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

பிறந்த நாள் பரிசாக மனைவி எம்மி ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தாராம். நோயாளிகளைப் பார்க்கும் அறையை ஒரு திரையால் இரண்டாகத் தடுத்து, திரைக்குப் பின்னால் அந்தக் கருவியை வைத்துக்கொண்டார் கோக்.

மேய்ச்சல் நிலத்தில் ஒளிந்த எமன்

அந்த வட்டாரத்தில் அடைப்பான் நோய் ஆடு மாடுகளைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. காலையில் மேய்ந்த பசு மாலையில் செத்துக் கிடக்கும். தோல் உரித்தவனுக்கும், கம்பளி பிரித்தவனுக்கும் கூட நோய் ஒட்டிக்கொண்டு சாவு வந்தது. விவசாயிகளுக்குப் புரியாத மர்மம் ஒன்று இருந்தது. சில மேய்ச்சல் நிலங்களில் வருடக்கணக்கில் மாட்டை விடாமல் சும்மா போட்டிருந்தாலும், மறுபடி விட்டால் மாடு செத்தது. இடத்துக்குச் சாபம் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

செத்த மாட்டின் ரத்தத்தில் குச்சி குச்சியாக ஏதோ இருப்பதை அதற்கு முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். அதுதான் நோய்க்குக் காரணமா, நோயினால் வந்த அழுகலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. கோக் மரத்துணுக்கைச் சீவி, சூடாக்கிச் சுத்தம் செய்து, செத்த மிருகத்தின் ரத்தத்தில் தோய்த்து, சுண்டெலியின் வால் அடியில் செருகினார். எலி செத்தது. அதன் ரத்தத்தை அடுத்த எலிக்குச் செலுத்தினார். அதுவும் செத்தது. ஒவ்வொன்றிலும் அதே குச்சிகள்.

அடுத்து, மாட்டுக் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீரை எடுத்து, அதில் கிருமியை விட்டு, மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்துக் காத்திருந்தார். குச்சி நீண்டு நூலாயிற்று. நூலுக்குள் மணி கோத்த மாதிரி புள்ளிகள் தோன்றின. அவை விதைகள்! காய்ந்தாலும் சாகாது, வெயிலுக்கும் பனிக்கும் அசையாது. வருடக்கணக்கில் மண்ணில் கிடந்து, ஒரு நாள் புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போனால் மறுபடி உயிர் பெறும். இடத்தின் சாபம் இதுதான்.

1876 ஏப்ரலில் பெட்டியைக் கட்டிக்கொண்டு பிரெஸ்லா நகரத்துக்குப் போனார். அங்கே பேராசிரியர் பெர்டினாண்ட் கோன் முன்னிலையில் மூன்று நாள் தன் சோதனைகளைச் செய்து காட்டினார். பட்டிக்காட்டு டாக்டரின் பேர் ஊரெல்லாம் பரவியது. ஒரு குறிப்பிட்ட நோய்க்கு ஒரு குறிப்பிட்ட கிருமிதான் காரணம் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டியது அதுவே முதல் தடவை.

அடைப்பானில் செத்த மாட்டை அறுக்காதே, தோலை உரிக்காதே, ஆழமாகக் குழி தோண்டிப் புதை என்று இன்றைக்கும் நம் கால்நடை டாக்டர்கள் சொல்கிறார்கள் அல்லவா? அதற்குக் காரணம் அந்த மணிகள்தான். ரத்தத்தில் காற்றுப் பட்டால்தான் கிருமி விதை கட்டும். அறுக்காத உடலுக்குள் விதை கட்டாமலே அது அழிந்துவிடும்.

காசநோய்க் கிருமி

1880-ல் பெர்லினில் அரசாங்க சுகாதார இலாகாவுக்கு அழைத்துக்கொண்டார்கள். அங்கே கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். கூழ் மாதிரி உறைந்த பண்டத்தின் மேல் கிருமியைப் பரப்பினால் ஒவ்வொரு கிருமியும் தனிப் புள்ளியாக வளரும். உறைய வைக்கக் கடல் பாசியைச் சேர்க்கலாம் என்ற யோசனை, உடன் வேலை செய்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவியிடமிருந்து வந்தது. அந்த அம்மாள் அதைச் சமையலறையில் ஜெல்லி செய்ய உபயோகித்து வந்தவர்!

1882 மார்ச் 24-ந் தேதி மாலை. பெர்லினில் ஒரு சிறிய அறையில், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக கோக் அறிவித்தார். அந்நாளில் செத்துப்போன ஏழு பேரில் ஒருவர் அந்த நோயால் செத்தவர். பேச்சு முடிந்ததும் ஒருவரும் கை தட்டவில்லை, ஒருவரும் கேள்வி கேட்கவில்லையாம். எல்லோரும் எழுந்துபோய் மைக்ராஸ்கோப்புகளில் குனிந்து பார்த்தார்கள். இன்றும் மார்ச் 24-ந் தேதிதான் உலகக் காசநோய் தினம்.

மனிதருக்கு வரும் காசநோயும் மாட்டுக்கு வரும் காசநோயும் ஒரே கிருமியால் வருவது என்றுதான் அப்போது அவர் கருதினார். நோயுற்ற மாட்டின் பாலும் மாமிசமும் ஆபத்தானவை என்று எச்சரிக்கவும் செய்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1883-ல் காலராவைத் தேடி எகிப்துக்கும், அங்கிருந்து கல்கத்தாவுக்கும் வந்தார். கல்கத்தா குளத்துத் தண்ணீரில் காலராக் கிருமியைக் காட்டிவிட்டு 1884-ல் நாடு திரும்பினார். ஜெர்மனி அரசாங்கம் ஒரு லட்சம் மார்க் பரிசு கொடுத்தது. போர் ஜெயித்த தளபதிக்குக் கிடைக்கும் வரவேற்பு அவருக்குக் கிடைத்தது.

பெர்லினுக்கு ஓடிய ரயில்கள்

புகழ் உச்சிக்குப் போன பிறகுதான் சறுக்கல். 1890 ஆகஸ்டில் பெர்லினில் சர்வதேச வைத்திய மாநாடு நடந்தது. காசநோயைத் தடுக்கும் பொருள் ஒன்று தன் கையில் இருப்பதாக கோக் அதில் அறிவித்தார். நவம்பரில் விவரம் வெளியிட்டார். மருந்தின் பெயர் டியூபர்குலின். எதிலிருந்து செய்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஐரோப்பா முழுவதிலிருந்தும் நோயாளிகள் பெர்லினுக்கு ரயில் ஏறினார்கள். ஓட்டல்களில் இடம் இல்லை. இருமிக்கொண்டே வந்தவர்கள் தெருவில் நின்றார்கள். டாக்டர்களும் வந்தார்கள். துப்பறியும் கதை எழுதிய கானன் டாயில் ஒரு டாக்டர். அவரும் நேரில் வந்து பார்த்துவிட்டு, இது நோயைத் தீர்க்கும் மருந்து என்று சொல்வது அவசரம் என்று எழுதினார். அவர் எழுதியது சரியாகப் போயிற்று. மருந்து குணப்படுத்தவில்லை. பலருக்கு நோய் முற்றியது. சிலர் இறந்தார்கள். கடைசியில் ரகசியத்தை வெளியிட வேண்டி வந்தது. வளர்த்த காசநோய்க் கிருமியின் சாரத்தைக் கிளிசரினில் எடுத்ததுதான் டியூபர்குலின்!

அதே சமயத்தில் சொந்த வாழ்க்கையிலும் புயல். ஹெட்விக் என்ற இளம் பெண்ணின் மேல் கோக் மனத்தைப் பறிகொடுத்தார். அவர் சித்திரக் கலை மாணவி. கோக்கைவிடச் சுமார் முப்பது வயது சின்னவர். 1893-ல் எம்மியை விவாகரத்துச் செய்துவிட்டு ஹெட்விக்கை மணந்தார். டியூபர்குலின் ஊசியைத் தன் உடம்பில் போட்டுப் பார்க்கச் சம்மதித்தவர் இந்த ஹெட்விக். மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்தவரை விட்டு, ஊசிக்குக் கை நீட்டியவரோடு போய்விட்டார் என்று ஊர் பேசியது.

தோற்ற மருந்து தொழுவத்துக்கு வந்தது

இனிமேல்தான் வேடிக்கை. மனிதரைக் குணப்படுத்தாத டியூபர்குலினை மாட்டுக்குப் போட்டுப் பார்த்தார்கள். நோய் இல்லாத மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்புக்குள் காசநோய் இருக்கும் மாட்டுக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சல் ஏறியது!

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது மாடு வளர்த்தவர்களுக்குப் புரியும். காசநோய் பிடித்த பசு உடனே இளைத்துவிடாது. தளதளவென்று இருக்கும், குறைவில்லாமல் பால் கறக்கும். இருமல் வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். அதற்குள் பக்கத்தில் கட்டியிருக்கும் மாடுகளுக்கு மூச்சுக் காற்றிலேயே நோயைக் கொடுத்திருக்கும். மடியில் நோய் இறங்கிவிட்டால் பாலிலேயே கிருமி வரும். அந்தப் பாலைப் பச்சையாகக் குடித்த கன்றுக்கும் வரும், குழந்தைக்கும் வரும். குழந்தையின் கழுத்தில் கண்டமாலை கட்டும். வயிறு உப்பும். முதுகெலும்பு வளையும். எந்தப் பசு கள்ளப் பசு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத நிலைமையில், ஒரு ஊசியும் ஒரு தெர்மாமீட்டரும் அதைச் சொல்லிவிட்டன.

டென்மார்க் பால், வெண்ணெய்க்குப் பேர் போன தேசம். அங்கே பெர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை நிபுணர் 1892-ல் இந்த ஊசியைக் கையில் எடுத்தார். பண்ணையில் உள்ள எல்லா மாட்டையும் சோதித்தால் பாதிக்கு மேல் சிக்கும் பண்ணைகளும் இருந்தன. அத்தனையையும் வெட்டினால் விவசாயி பிச்சை எடுக்க வேண்டியதுதான். பாங் வேறு வழி சொன்னார். சிக்கிய மாடுகளைத் தனிக் கொட்டிலில் கட்டு. ஆளும் வேறு, வாளியும் வேறு. அவை போடும் கன்றை உடனே பிரித்து, காய்ச்சிய பாலைக் கொடுத்து வளர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி சோதித்துப் பார். சில வருடங்களில் நோயுள்ள பக்கம் குறைந்து, சுத்தமான பக்கம் பெருகும். மாட்டையும் கொல்லவில்லை, மந்தையும் சுத்தமாயிற்று.

இன்னொரு ஓட்டையையும் பாங் அடைத்தார். ஊரில் உள்ள பண்ணைகளின் பால் எல்லாம் கூட்டுறவு வெண்ணெய்ச் சாலைக்குப் போகும். வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் பாலைக் கன்றுகளுக்காக எல்லாப் பண்ணைக்கும் பங்கிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஒரு பண்ணையின் நோய் இப்படி ஊர்ப் பண்ணை அத்தனைக்கும் போய்ச் சேர்ந்தது. திருப்பி அனுப்பும் பாலை நன்றாகச் சூடாக்கியே அனுப்ப வேண்டும் என்று 1898-ல் டென்மார்க்கில் சட்டம் வந்தது.

கோக்கின் பெயரைக் கெடுத்த மருந்து பாங்கின் கையில் நற்பெயர் எடுத்துக்கொண்டிருந்தது. அப்போது கோக் எங்கே? ஆப்பிரிக்காவில், இன்னொரு மாட்டு நோயின் நடுவில்.

வெக்கை நோய்

வெக்கை நோய் காசநோய் மாதிரி மறைந்து நிற்பது அல்ல. காய்ச்சல், வாயெல்லாம் புண், நாற்றமெடுத்த கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் சாவு. அதுவரை அந்த நோயையே பார்த்திராத ஆப்பிரிக்க மந்தைகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு என்று மாடுகள் மாண்டன. 1887 வாக்கில் செங்கடல் ஓரமாக ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்த அந்த நோய் 1896-ல் தெற்கே ஜாம்பசி ஆற்றைத் தாண்டியது. மாட்டு வண்டிதான் அந்தப் பிரதேசத்தின் போக்குவரத்து. வண்டிகள் பாரத்தோடு நடுவழியில் நின்றன. புலவாயோ நகரத்துக்கு ரயில் பாதை அவசர அவசரமாகப் போடப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேப் காலனி அரசாங்கம் கோக்கை அழைத்தது. 1896 டிசம்பரில் கிம்பர்லியில் போய் இறங்கினார். கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. கிடைக்காது, அது மைக்ராஸ்கோப்புக்குச் சிக்காத வைரஸ். ஆனால் நோயில் செத்த மாட்டின் பித்தநீரை 10 சி.சி. எடுத்து, நல்ல மாட்டுக்கு ஊசி போட்டால் பத்து நாளில் அதற்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடுகிறது என்று 1897 பிப்ரவரியில் அறிவித்தார். அங்கிருந்த விவசாயிகள் சிலர் தாங்களாகவே பித்தநீரை உபயோகித்து வந்தார்கள். அவர்கள் செய்ததை அளவும் கணக்கும் கொண்ட முறையாக்கினார் கோக்.

குறைகள் இருந்தன. சில மாதங்களில் எதிர்ப்புச் சக்தி தேய்ந்துவிடும். சில சமயம் ஊசியே நோயைக் கொண்டுவரும். மாட்டைக் காப்பாற்ற இன்னொரு மாடு சாக வேண்டும். கோக் புறப்பட்ட பிறகு, அவருடைய உதவியாளர் கோலே என்பவரும் டர்னர் என்பவரும் சேர்ந்து, நோயிலிருந்து பிழைத்த மாட்டின் ரத்தத்திலிருந்து சீரம் எடுத்து, அதோடு கிருமியும் சேர்த்துப் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது பித்தநீரைவிட மேலாக இருந்தது.

முக்தேசுவரமும் ஹெப்பாளும்

கோக் கிம்பர்லியை விட்டு அவசரமாகப் புறப்பட்டது இந்தியாவுக்கு வருவதற்காகத்தான். பம்பாயில் பிளேக் பரவியிருந்தது. ஜெர்மனி அனுப்பிய நிபுணர் குழுவுக்கு அவர் தலைவர். 1897-ல் பம்பாய் வேலையோடு, குமாவோன் மலையில் இருக்கும் முக்தேசுவரத்துக்கும் போனார். அங்கே சுமார் 7,500 அடி உயரத்தில், காட்டுக்கு நடுவே, கால்நடை நோய்களுக்கென்று அரசாங்க ஆராய்ச்சிச் சாலை இருந்தது. 1889-ல் பூனாவில் தொடங்கி 1893-ல் மலைக்கு மாற்றப்பட்டது. நோய்க் கிருமி வெளியே தப்பினாலும் ஊர் மாடுகளுக்குப் போகக் கூடாது என்பதற்காகவே அந்த ஒதுக்குப்புறம்.

வெக்கை நோயில் தான் கண்டதை கோக் அங்கே இருந்த டாக்டர் லிங்கார்டுடன் பகிர்ந்துகொண்டார். 1899-ல் அந்தச் சாலையில் சீரம் தயாரிப்புத் தொடங்கியது. வெக்கை வந்த கிராமத்தில் சீரம் போட்டால், தீப்பிடித்த தெருவில் பக்கத்து வீட்டுக் கூரையை நனைத்த மாதிரி. தற்காலிகப் பாதுகாப்பு. ஆனால் அதுவரை நம் குடியானவனுக்கு அதுகூட இல்லை.

முக்தேசுவரத்திலிருந்து தெற்கே மருந்து வருவது என்றால் சும்மாவா? மைசூர் சமஸ்தானம் 1925-ல் பெங்களூர் ஹெப்பாளில் சொந்தமாகவே சீரம் நிலையம் தொடங்கியது. அந்த நிலையம் பெயர் மாறி, கால்நடைத் தடுப்பூசி மருந்துகள் தயாரிக்கும் இடமாக இன்றும் நடக்கிறது.

1920-களில் முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் வெக்கை வைரஸை ஆடுகளில் வளர்த்து வளர்த்து வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசி ஆக்கினார். 1954-ல் நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் வந்தது. 1960-களில் ஆப்பிரிக்காவிலிருந்து இன்னும் நல்ல தடுப்பூசி முறை வந்தது. 1995-க்குப் பிறகு இந்தியாவில் ஒரு மாட்டுக்கும் வெக்கை வரவில்லை. கடைசி மாடு வரைக்கும் நோய் போய்விட்டதா என்று ஊர் ஊராக ரத்தம் எடுத்துப் பார்க்க எந்த ஊரில், எத்தனை மாடு என்று கணக்கு வகுத்துக் கொடுத்த ஆராய்ச்சி நிலையமும் ஹெப்பாளில் இருந்ததுதான். 2006-ல் இந்தியாவும், 2011-ல் உலகமும் வெக்கையிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதன் பூமியிலிருந்து அறவே ஒழித்த நோய்கள் இரண்டே இரண்டு. ஒன்று பெரியம்மை. மற்றது மாட்டின் வெக்கை.

லண்டன் மாநாடு

1901 ஜூலையில் லண்டனில் காசநோய் மாநாடு. உலகத்து வைத்தியர்கள் எல்லாம் கூடியிருந்தார்கள். கோக் மேடை ஏறினார். மாட்டுக் காசநோய் வேறு, மனிதக் காசநோய் வேறு, மாட்டு நோய் பால் வழியாக மனிதனுக்கு வருவது மிக மிக அபூர்வம், அதற்காகச் சட்டம் போட்டுச் செலவு செய்வது வீண் என்று பேசினார். 1882-ல் எச்சரித்த அதே மனிதர்!

கோக் ஆதாரம் இல்லாமல் பேசுகிறவர் அல்ல. ஷுட்ஸ் என்பவரோடு சேர்ந்து 19 இளம் மாடுகளுக்கு மனிதக் காசநோய்க் கிருமியைக் கொடுத்துப் பார்த்திருந்தார். ஒன்றுக்கும் நோய் வரவில்லை. பால் வழியாக நோய் வருமானால் குழந்தைகளின் குடலில்தான் முதலில் தெரிய வேண்டும். பெர்லின் ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட பிள்ளைகள் மிகக் குறைவு என்றும் கணக்குக் காட்டினார். 19 மாட்டுச் சோதனை சரிதான். மனிதக் கிருமி மாட்டை எளிதில் பிடிப்பதில்லை. இரண்டும் வெவ்வேறு வகை என்பதும் சரி. ஆனால் என் வீட்டுச் சாவி உன் பூட்டில் சேரவில்லை என்பதால் உன் சாவி என் பூட்டைத் திறக்காது என்று ஆகிவிடுமா? மாட்டுக் கிருமியைக் குழந்தைக்குக் கொடுத்துச் சோதிக்க யாராலும் முடியாது. அந்த இடத்தில் கோக் தீர்ப்புச் சொல்லாமல் நிறுத்தியிருக்க வேண்டும்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த லிஸ்டர் பிரபு அங்கேயே மறுத்துப் பேசினார். பாங் மறுத்தார். பிரான்சின் நோக்கார் மறுத்தார். ஆனால் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவரே சொன்ன பிறகு மற்றவர் பேச்சு எடுபடுமா? மாடுகளைச் சோதிக்கவும் பாலைச் சூடாக்கவும் செலவு செய்ய மனமில்லாதவர்களுக்குக் காதில் தேன் பாய்ந்த மாதிரி இருந்தது.

பிரிட்டிஷ் அரசாங்கம் அந்த வருடமே ஒரு ராயல் கமிஷன் போட்டது. நூற்றுக்கணக்கான மிருகங்களில் சோதனை. இறந்த குழந்தைகளின் உடலிலிருந்து எடுத்த கிருமிகளையும் வளர்த்துப் பார்த்தார்கள். மாட்டுக் கிருமி மனிதருக்கு வருகிறது, முக்கியமாகப் பால் குடிக்கும் குழந்தைகளுக்கு வருகிறது என்று 1907-லேயே கமிஷன் சொல்லிவிட்டது. 1908-ல் அமெரிக்காவில் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் இந்த விவகாரம் மறுபடி கிளம்பியது. மனிதர் நுரையீரலில் மாட்டுக் கிருமியை ஐயத்துக்கு இடமின்றி யாராவது காட்டட்டும் என்று கோக் பிடிவாதமாக நின்றார். எண்ணிக்கையில் பார்த்தால், பெரும்பாலான காசநோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் வருகிறது என்ற அவருடைய கட்சி உண்மைதான். ஆனால் கழுத்தில் கட்டியோடு வந்த குழந்தைக்கு அந்தக் கணக்கால் என்ன லாபம்?

கடைசிக் காலம்

இதற்கிடையில் 1903-ல் ரொடீஷியாவுக்குப் போய், உண்ணி மூலம் பரவும் மாட்டுக் காய்ச்சலை ஆராய்ந்தார். 1905-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1906-ல் மறுபடி ஆப்பிரிக்காவுக்குப் போய், விக்டோரியா ஏரித் தீவுகளில் தூக்க நோயோடு போராடினார். அங்கே கொடுத்த மருந்து சிலருடைய கண் பார்வையைப் பறித்தது. இளமையில் மூட்டை கட்டி வைத்த கப்பல் பயண ஆசை, வயதான காலத்தில் வட்டியும் முதலுமாகத் தீர்ந்தது.

1910 மே 27-ந் தேதி பாடன்பாடன் என்ற ஊரில் இருதய நோயால் கோக் காலமானார். வயது 66. அவருடைய அஸ்தி பெர்லினில் அவர் பெயரால் வழங்கும் ஆராய்ச்சி நிலையத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. ராயல் கமிஷனின் முடிவான அறிக்கை 1911-ல் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

அறிக்கை வந்துவிட்டதால் வேலை நடந்துவிடவில்லை. அமெரிக்கா 1917-ல் தேசம் பூராவும் டியூபர்குலின் சோதனை தொடங்கியது. சிக்கிய மாட்டை வெட்டி நஷ்டஈடு கொடுத்தார்கள். அயோவா மாகாணத்து விவசாயிகள் 1931-ல் ஊசி போட வந்த டாக்டர்களைத் தடுத்து நிறுத்த, பட்டாளம் வர வேண்டியதாயிற்று! பிரிட்டனில் 1930-களிலும் நூற்றுக்கு நாற்பது பசுக்கள் வரை நோயோடு இருந்தன. அந்த நாட்டு மந்தைகள் எல்லாம் சோதனைக்குள் வந்தது 1960-ல்.

பிரான்சில் கால்மெத், கெரேன் என்ற இருவர், பசுவின் மடியிலிருந்து கிடைத்த மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருடம் பொறுமையாக வளர்த்து வீரியம் இழக்கச் செய்தார்கள். அதுதான் பி.சி.ஜி. தடுப்பூசி. இந்தியாவில் 1948 முதல் சென்னை கிண்டியில் தயாரானது. நம்மில் பலருடைய தோளில் இருக்கும் தழும்பு அந்தப் பசுவின் கிருமி விட்டுச் சென்ற அடையாளம்.

நம் நாட்டில் சோதனையில் சிக்கிய பசுவை வெட்டுவது என்பதற்குப் பல மாநிலங்களில் சட்டமும் இடம் தராது, வளர்த்தவர் மனமும் இடம் தராது. பாங் சொன்ன மாதிரி பிரித்துக் கட்டுவதுதான் நமக்கு ஒத்துவரும் வழி. ஆனால் இரண்டு மாடு வைத்திருப்பவர் எங்கே பிரித்துக் கட்டுவார்? நாட்டு மாடுகளைவிட, அதிகம் கறக்கும் சீமைக் கலப்பு மாடுகளுக்கு இந்த நோய் சுலபமாகப் பிடிக்கிறது என்பது இன்னொரு சங்கடம். பெங்களூர், கோலார், ஓசூர்ப் பக்கத்துக் கொட்டில்களில் இப்போது நிற்பவை பெரும்பாலும் அந்தக் கலப்பு மாடுகளே. பாலைப் பொங்கும் வரை காய்ச்சிக் குடிக்கும் வழக்கம்தான் நம் குழந்தைகளை இதுவரை காத்து வந்திருக்கிறது. பாக்கெட் பாலை டெய்ரியிலேயே சூடாக்கி விடுகிறார்கள். 72 டிகிரி சூட்டில் 15 விநாடி இருந்தால் கிருமி செத்துவிடும். வாசலில் கறந்து ஊற்றும் பாலுக்கு அடுப்புதான் காவல்.

மாட்டைச் சோதிக்கும் மருந்து இன்றைக்கும் டியூபர்குலின்தான். தெர்மாமீட்டர் வைத்துக் காத்திருக்கும் பழைய முறை போய்விட்டது. டாக்டர் பசுவின் கழுத்தில் ஒரு இடத்தில் மயிரை மழித்து, தோல் மடிப்பின் கனத்தை அளந்து குறித்துக்கொண்டு, 0.1 மில்லி மருந்தைத் தோலுக்குள் ஏற்றிவிட்டுப் போவார். 72 மணி நேரம் கழித்து வந்து மறுபடி அளப்பார். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால், பசு எவ்வளவு கறந்தாலும் சரி, தனியாகக் கட்ட வேண்டியதுதான்.